இடமாகச் சுற்றிய கிரிவலம்

குழாயைத் திறக்கக் கை ஒரு பக்கம் திரும்ப வேண்டும், மூட மறு பக்கம் திரும்ப வேண்டும். பணி ஓய்வு பெற்ற பிறகுதான் இதைக் கவனித்தேன். என் மனைவிக்குத் திறக்க வந்தது, மூட வரவில்லை. சமையலறைத் தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். பின்னாலேயே "இங்க கொஞ்சம் வாங்க" என்று குரல் வரும். நான் மரம் தேய்க்கிற உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுப் போய் மூடிவிட்டு வருவேன். இடது கையால் மூடலாமே என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். இடது கையில் பாத்திரம் இருப்பதாகவும், வீட்டில் ஒரு பெரிய ஆபீசர் சும்மா இருப்பதாகவும் பதில் வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பி வைத்த கொஞ்ச நாளிலேயே மரப் பொம்மை செய்ய ஆரம்பித்துவிட்டேன். கொலுவில் வைக்கிற பொம்மை இல்லை. ஒரு பெட்டிமேல் உருவம் நிற்கும், பெட்டிக்குள் மரச் சக்கரங்கள் இருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் உருவம் அசையும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கதவு செய்யும் பட்டறையில் கழித்துப் போடும் தேக்குத் துண்டுகள் போதும். முதலில் செய்தது மேசை முன் உட்கார்ந்திருக்கும் ஒரு அலுவலர். கைப்பிடியைச் சுற்றினால் முத்திரையை ஓங்குவார். தாளுக்குச் சற்று மேலே கை நின்றுவிடும். யோசிப்பார். மறுபடி ஓங்குவார். உள்ளே இருக்கும் முட்டை வடிவச் சக்கரத்தை நான் அப்படித்தான் செதுக்கியிருந்தேன். செங்கம் ரோட்டில் காபிக் கடை வைத்திருப்பவர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கிப்போய் மேசைமேல் வைத்தார். ஒரு வெள்ளைக்காரர் அதை வெகுநேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, செயலற்ற நிலையைப் பற்றிய ஆழமான சிற்பம் என்று சொன்னாராம். நான் மறுக்கவில்லை. பணிக்காலம் முழுவதும் அந்த நிலையை அருகிலிருந்து தரிசித்தவன் நான்.

என் மனைவி விழுந்தது ஒரு பௌர்ணமியன்று, கிரிவலப் பாதையில். யாரோ அன்னதானம் கொடுத்திருக்கிறார்கள், யாரோ சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் போட்டிருக்கிறார்கள், இவள் அதன்மேல் கால் வைத்துவிட்டாள். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அன்னதானம் வழங்குவோர் இலைகளையும் தட்டுகளையும் தாங்களே அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு வாக்கியம் உண்டு. பௌர்ணமி ஏற்பாடுகளுக்கான குறிப்பில் வருஷா வருஷம் அதை எழுதி வைத்தவன் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில், அவ்வளவு வலியிலும், அந்த வாக்கியத்தை அவள் எனக்கு ஒப்பித்துக் காட்டினாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. கைதான் இறுகிப் போயிருந்தது. உள்ளங்கை தரையைப் பார்க்கும். சுவரைப் பார்க்கும். மேலே பார்க்கச் சொன்னால் பாதி வழியிலேயே நின்றுவிடும். சரியாகிவிடும் என்று நினைத்தோம். சாப்பிட முடிந்தது, எழுத முடிந்தது, எனக்கு உத்தரவு போட முடிந்தது. பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை.

தெரிந்தது எங்கள் நகர் முனையில் இருக்கும் பிள்ளையார் கோயிலில். கட்டுப் பிரித்த பிறகு முதல் தடவையாகப் போயிருந்தோம். சங்கடஹர சதுர்த்தி, கூட்டம் ஜாஸ்தி. குருக்கள் விபூதி கொடுத்துக்கொண்டே வந்தார். இவள் கையை நீட்டினாள். பாதி சாய்ந்திருந்த உள்ளங்கையிலிருந்து விபூதி அப்படியே வழிந்து தரையில் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் வரிசையில் நகர்ந்தார்கள், அவர்கள் பாதங்கள் அதன்மேல் பட்டன. இவள் குனிந்து முந்தானையால் துடைக்கப் பார்த்தாள். குருக்கள் நல்ல மனிதர். "பரவால்லம்மா, இந்தக் கையில வாங்கிக்கோங்க" என்று இடது கையைக் காட்டினார். அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அவள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எலும்பு முறிந்தபோதே பேசிக்கொண்டு வந்தவள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அதன் பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை. முதலில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். பிறகு அந்தப் பக்கமாகக் காய்கறி வாங்கப் போவதையும் விட்டுவிட்டாள். நான் தனியாகப் போய் விபூதியைத் தாளில் மடித்து வாங்கி வந்து கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "பார்சலா?" என்றாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து போனில் பேசிய அவள் அக்கா, சாமி மனசைத்தான் பார்ப்பார், கையைப் பார்க்க மாட்டார் என்று சொல்லியிருக்கிறார். மனசை நீட்டினா குருக்கள் எதுல விபூதி போடுவாரு என்று இவள் கேட்டிருக்கிறாள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு இளம்பெண்ணிடம் அழைத்துப் போனேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு கரண்டியைப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டும் என்று அந்தப் பெண் செய்து காட்டினாள். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள்: "இப்ப விட்டுட்டாங்கன்னா இந்த அளவுலயே நின்னுடும் சார். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கரண்டி வேலைக்கு ஆகவில்லை. வலி ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். காற்றில் சாம்பார் கிளறச் சொல்கிறார்கள் என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் நினைவூட்டல் அனுப்பிப் பழகியவன். முதல் நினைவூட்டலுக்குப் பதில் வராது, இரண்டாவதற்கும் வராது, மூன்றாவதைச் சற்றுக் கடுமையான மொழியில் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். "உங்க கை உடைஞ்சா நீங்க கிளறுங்க" என்று பதில் வந்தது. கரண்டி பழையபடி சாம்பாருக்கே போனது.

கரண்டியைத் திருப்ப மறுக்கிற கை எதைத் திருப்பும் என்று யோசித்துக்கொண்டே சில நாட்கள் மரம் அறுத்தேன். கடைசியில், ஊருக்கு நடுவே இவ்வளவு பெரிதாக நிற்கும் மலை எனக்குத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. விழுந்ததிலிருந்து அவள் கிரிவலமும் போகவில்லை. கிரிவலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால்?

வேப்பங்கட்டையில் மலையைச் செதுக்கிப் பெட்டியின் நடுவில் அசையாமல் நிறுத்தினேன். அதைச் சுற்றி ஒரு வட்டத் தட்டு. தட்டின்மேல் நடந்து போகிறவர்கள். தலையில் துண்டு போட்ட பெரியவர், பிள்ளையைத் தோளில் தூக்கியவர், செல்போனில் பேசிக்கொண்டே போகிற பெண், ஒரு போலீஸ்காரர், ஒரு நாய். தட்டுக்கு வெளியே, பெட்டியின் விளிம்பில், பாதையிலுள்ள அஷ்டலிங்கங்களையும் வரிசையாக நட்டேன். பெரியவர் ஒரு சுற்று முடித்தால் மலை உச்சியில் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு சின்னச் சுடர் எழும்பும். இது எல்லாவற்றையும் இயக்குவது பெட்டியின் முகப்பில் இருக்கும் ஒரு குமிழ். குழாய்த் திருகு மாதிரி, கையால் பிடித்துத் திருப்ப வேண்டும். குமிழிலிருந்து ஒரு கம்பு பெட்டிக்குள் போகும். அந்தக் கம்பில் மாட்டிய சக்கரம் தட்டின் அடிப்பக்கத்தை உரசி, அதைச் சுழற்றும்.

சூட்சுமம் குமிழில்தான் இருந்தது. அதை வலப் பக்கம் திருப்பினால் மட்டுமே ஆட்கள் வலமாகப் போக வேண்டும் என்று தீர்மானித்தேன். வலப் பக்கம் என்றால் குழாயை மூடுகிற பக்கம். உள்ளங்கை மேலே பார்த்தே ஆக வேண்டிய பக்கம். மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பதில் அவளுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஆகவே கை திரும்பியே தீர வேண்டும். சாமி காரியம் என்பதால் இடது கையும் உள்ளே வராது. தப்பிக்க வழியில்லாத விதிமுறை ஒன்றை வகுத்துவிட்ட திருப்தி எனக்கு. பணியில் இருந்தபோது கூட இவ்வளவு கச்சிதமாக ஒன்றை நான் எழுதியதில்லை.

அடிப்பலகை அடிப்பதற்கு முன்னால், பெட்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைப் பொருத்தினேன். குமிழை வலப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். தட்டு கடிகார முள் மாதிரி வலமாகச் சுற்றியது. மறுபடி திருப்பினேன். மறுபடி வலம். பலகையை ஆணி அடித்து மூடினேன். நிமிர்த்தி வைத்து, ஆட்களைப் பசை போட்டு ஒட்டினேன். அதன் பிறகு குமிழைத் தொடவில்லை. முதல் சுற்று அவளுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "அந்த நாய் நல்லா இருக்கு" என்றாள். குமிழை வலப் பக்கம் திருப்பு என்றேன். குளிக்காமல் தொட மாட்டேன், நாளைக் காலையில் பார்க்கலாம் என்று எடுத்துப்போய்ப் பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு மணைமேல் வைத்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் குளித்துவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு அவள் முதுகு தெரியும், சக்கரம் உரசுகிற சத்தம் கேட்கும். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கண்காணிக்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள். சத்தம் தடையில்லாமல் வந்தது. எழுந்து வரும்போது முகத்தில் வலி தெரியவில்லை. வாரக்கணக்கில் இப்படியே போனது. குழாயை மூட மட்டும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பழக்கம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சாட்சி எதிரிலேயே நின்றாலும், எழுதி முடித்த அறிக்கைக்கு ஏற்ப அதற்கு விளக்கம் கொடுப்பது எங்கள் அலுவலக வழக்கம்.

பிசியோதெரபிப் பெண் மறுபடி கையை அளந்து பார்த்தாள். கை திரும்பும் கோணத்தை அளக்க ஒரு கருவி வைத்திருந்தாள். இரண்டு தடவை அளந்தாள். உள்ளங்கை கீழே திரும்புவது ரொம்ப நன்றாக வந்திருப்பதாகச் சொன்னாள். மேலே திரும்புவது போன தடவை இருந்த இடத்திலேயே இருந்தது.

இருக்கவே முடியாது என்றேன். தினமும் செய்கிறாள், நானே கேட்கிறேன் என்றேன். பொம்மையைப் பற்றி முழுவதும் விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்படித் திருப்புறீங்கன்னு காட்டுங்கம்மா" என்றாள்.

என் மனைவி காற்றில் ஒரு குமிழைப் பிடித்தாள். இடப் பக்கம் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் இல்ல. வலப் பக்கம்" என்றேன்.

"வலப் பக்கம் திருப்பினா எல்லாரும் பின்பக்கமா நடக்கிறாங்க" என்றாள் அவள். "மலையை இடமா சுத்திக்கிட்டு. போலீஸ்காரர், நாய் எல்லாம். சாமியை யாராவது அப்படிச் சுத்துவாங்களா? அதான் இந்தப் பக்கம் திருப்பி ஒழுங்கா அனுப்புறேன்."

இதை முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவ்ளோ நாள் குனிஞ்சு உக்காந்து செஞ்சாரு. தப்பா சுத்துதுன்னு எப்படிம்மா சொல்றது?"

பிசியோதெரபிப் பெண் தன் கருவியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. சிரிப்பை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது.

தவறு எங்கே நடந்தது என்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே புரிந்துவிட்டது. தரையில் படுத்துப் பார்ப்பவனுக்கு மின்விசிறி ஒரு பக்கம் சுற்றும். மாடியில் ஓட்டை போட்டுக் குனிந்து பார்ப்பவனுக்கு அதே மின்விசிறி மறு பக்கம் சுற்றும். நான் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, தட்டைக் கீழே இருந்து பார்த்திருக்கிறேன். அங்கிருந்து வலமாகத் தெரிந்தது, நிமிர்த்தினால் இடம். ஊரே எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி தடுப்புக் கட்டைகளுக்கு இடம் குறித்துக் கொடுத்தவன், கிரிவலத்தைப் பாதாளத்திலிருந்து ஆய்வு செய்து ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். அதோடு, எது வராமல் இருந்ததோ அதை விட்டுவிட்டு, ஏற்கெனவே வந்ததற்கு வாரக்கணக்கில் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன்.

ஆட்டோவில் அதை அவளிடம் சொன்னேன். விளக்கமாகவே சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப சரியா சுத்துறதைப் போய் மாத்தப் போறீங்களா?" என்றாள். மாற்றினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மாற்றத்தான் போகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையை மடியில் வைத்து, மேலே திருப்பப் பார்த்தாள். பாதியில் நின்றது.

வேலை சின்னதுதான். சக்கரம் கம்பின் முன் பாதியில், குமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நடுவைத் தாண்டிப் பின் பாதிக்கு நகர்த்தினால், தட்டு எதிர்ப் பக்கம் சுற்றும். ஆனால் அடிப்பலகையில் திருகாணி போடாமல் ஆணி அடித்திருந்தேன். இனி திறக்க வேண்டிய அவசியம் வராது என்று நம்புகிறவர்கள்தான் ஆணி அடிப்பார்கள். பலகை ஓரம் பிய்ந்துதான் வந்தது. சக்கரத்தை நகர்த்தி, திருகாணி போட்டு மூடி, நிமிர்த்தி வைத்து, நின்றுகொண்டு மேலேயிருந்து பார்த்தேன். எல்லோரும் முன்னோக்கி, மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் உட்கார்ந்தாள். நான் பேப்பரைப் பிடித்திருந்தேன், படிக்கவில்லை. பழக்கத்தில் அவள் கை இடப் பக்கம் திரும்பியது. சத்தம் வந்தது, உடனே நின்றது. ஆட்கள் பின்னால் போயிருப்பார்கள். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். நான் சொல்லவில்லை, கரண்டியும் இல்லை. சத்தம் மறுபடி வந்தது. மெல்ல, விட்டு விட்டு. தப்பாகப் போன தூரத்தையாவது சரி செய்யாமல் எழுந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து வந்தபோது உதடு வெளுத்திருந்தது. "அக்னி லிங்கம் கூட வரல" என்றாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். மோசமான காபி. குடித்தாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கையைப் பற்றிப் பேச்சே கிடையாது. லிங்கங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒருநாள் அக்னி லிங்கம் தாண்டியது. இன்னொரு நாள் எமலிங்கத்தில் போய் நின்றுவிட்டது. வலித்தால் அங்கேயே விட்டுவிட்டு வா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடத்திலிருந்தே சொன்னேன்.

"எமலிங்கத்துல ஆளுங்களை நிக்க வச்சுட்டு எழுந்து வரச் சொல்றீங்க. நீங்க வருவீங்களா?"

அன்றைக்கு அடுத்திருக்கும் நிருதி லிங்கம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் எழுந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா வலியா என்று நான் கேட்கவில்லை. அவள் குமிழை முன்பைவிட நிறையத் திருப்பிவிட்டுத்தான் கையை எடுக்கிறாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. தோள் முன்புபோல ஏறி இறங்கவில்லை.

நடுவில் சில நாள் ஒன்றுமே நகராமல் இருந்தது. பிசியோதெரபிப் பெண்ணும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. நான் வேறு பொம்மை எதையும் தொடாமல், வெறும் சக்கரங்களாகச் செய்து குவித்துக்கொண்டிருந்தேன். எதற்குச் சக்கரம் என்று தெரியாது. கை சும்மா இருந்தால் மனம் அந்தப் பெண் தனியாகச் சொன்ன வார்த்தைக்கே போய்விடும்.

ஒரு மதியம். நான் ஒரு சக்கரத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். வழக்கம்போல் சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கூப்பிடுவாள் என்று கதவருகே வந்து நின்றேன். கூப்பிடவில்லை. தண்ணீர்ச் சத்தம் மெலிந்தது. சொட்டியது. நின்றுவிட்டது.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்து, என்ன கீழே விழுந்தது என்று கேட்டாள். ஒன்றும் விழவில்லை என்றேன். அவள் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினாள்.

அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு அவளே கிளம்பி நின்றாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு கூடவே போனேன். கூட்டம் கம்மி. குருக்கள் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார், போன தடவை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவள் வலது கையை நீட்டினாள். முழுவதும் மேலே திரும்பவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், இன்னும் ஒரு மயிரிழை பாக்கி. இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். குருக்கள் விபூதியைப் போட்டார்.

அது உள்ளங்கைக் குழியில் அப்படியே உட்கார்ந்தது.

நான் தரையைப் பார்த்தேன். கருங்கல் சுத்தமாக இருந்தது. அவளும் கீழே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் விரலில் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை என் நெற்றியில் அழுத்திப் பூசினாள். கையில் நல்ல பலம் இருந்தது.

பிள்ளையாரைச் சுற்றக் கிளம்பினோம். நான் அவளோடு பேசிக்கொண்டே ஏதோ யோசனையில் திரும்பினேன். அவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் இல்ல" என்றாள். "உங்களை மேல இருந்து பாத்தாலும் தப்பு, கீழ இருந்து பாத்தாலும் தப்பு. இப்படி வாங்க."

போனேன்.